மலர்க்கொடி பாடாத வரி

குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் சிலம்பரசன் தினமும் போன் பண்ணுவார். வைக்கும்போது நான் "எப்ப வருவீங்க?" என்பேன். அவர் "பாப்போம்" என்பார். எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில்தான் 'எப்ப வருவ' என்று பல்லவி எழுதினேன். மெட்டுப் போட்ட ஆனந்தராஜ் தன் குரலிலேயே பாடிச் சென்னையில் ஒரு பாட்டுக் கம்பெனிக்கு அனுப்ப, அவர்களுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. பெண் குரலில் பாடி இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் முதல் பாட்டு. தூக்கமாவது, சோறாவது!

நெரவியிலிருந்து ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். ஆனந்தராஜ் வீட்டுப் பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, சத்தம் வருமென்று ஃபேனையும் நிறுத்தியிருந்தான். பாடப்போகிறவள் அவன் அக்கா மலர்க்கொடி. திருவிழா மேடையில் அவள் பாடிக் கேட்டவர்கள் வேறு குரலைத் தேடமாட்டார்கள்.

முதலில் சரணத்தைப் பதிந்தோம்; ஒரே மூச்சில் பாடினாள். பல்லவி வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இந்த வரிய மாத்திடு எழிலு. எங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு."

"அதுக்கென்னக்கா? பாட்டுதானே?"

"கடலுக்குப் போறவங்கள அப்படி நாங்க கேக்குறதில்ல. கேட்டா ஆகாது, வாயில வரவே கூடாது."

ஆனந்தராஜைப் பார்த்தேன். அதே வீட்டுப் பிள்ளை, அதே வரியை வாய் கிழியப் பாடி அனுப்பியவன், தலையைச் சொறிந்தான். "நான் கடலுக்கே போனதில்லியே, எனக்கு எங்க தோணுச்சு?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் லேப்டாப்பைத் தூக்கி வாய்க்காலில் போட்டிருப்பேன். நான் எழுதியதிலேயே உருப்படியான வரி அது ஒன்றுதான்.

உட்கார முடியவில்லை. விறுவிறுவென்று கடற்கரைக்கு நடந்தேன். அங்கே ஒரு ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புதுத்தாலி மஞ்சள்கூட மங்காத ஒரு பெண், புருஷன் கையில் தூக்குவாளியைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு திரும்பி நடந்தாள். படகு தண்ணீரில் இறங்கும்வரைகூட நிற்கவில்லை. என்னைத் தாண்டும்போது பார்த்தேன், உதட்டை இறுக்கிக் கடித்திருந்தாள். நான் கேட்டாவது ஆற்றிக்கொள்கிறேன். இவளுக்கு அதுவும் இல்லை.

திரும்பி வந்தேன்.

"அக்கா, அந்த எடத்துல வார்த்தையே வேணாம். வாய மூடிக்கிட்டு மெட்ட மட்டும் பாடுங்க."

"அந்த வரிக்காகத்தானே கம்பெனில எடுத்தாங்க?" என்றான் ஆனந்தராஜ்.

"வேணாம்னா போவட்டும்" என்றேன்.

மலர்க்கொடி கண்ணை மூடி, உதட்டை மூடிப் பாடினாள். கடற்கரையில் அந்தப் பெண் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு போன கேள்வி என் காதில் விழுந்தது. ஆனந்தராஜ் இன்னொரு தடவை பாடச் சொல்லவில்லை. அப்படியே அனுப்பிவிட்டான்.

பதில் வருமா வராதா என்று நான் வாசலுக்கும் அறைக்குமாக அலைந்துகொண்டிருக்கையில் போன் அடித்தது. கம்பெனி இல்லை, சிலம்பரசன். ஏதேதோ பேசினோம்.

"சரி, வைக்கவா?" என்றேன்.

"இன்னைக்குக் கேக்கலியா?"

"என்னத்த?"

"எப்ப வருவேன்னு."

"இனிமே கேக்க மாட்டேன்."

"கேளு எழிலு. நீ கேக்காட்டி எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

பக்கத்தில் மலர்க்கொடி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழக்கூடாதென்று தெருமுனைவரை ஓடிப்போய்க் கேட்டேன்.