பி.கோ. தெரு

தாம்பரத்தைச் சுற்றி எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு பிள்ளையார் கோவில் தெரு இருக்கும். பொழிச்சலூரில் ஒன்று, கோவிலம்பாக்கத்தில் ஒன்று. இரண்டிலும் கிணற்றுத் தண்ணீர் எடுத்து ஆராய்ச்சி செய்த கிருபாவுக்குப் பிள்ளையார் மேல் வருத்தமில்லை. தன் கையெழுத்தின் மேல்தான் ஆத்திரம்.

பொழிச்சலூர் பாட்டில்கள் இருந்த பெட்டியில் அவசரத்தில் ‘பி.கோ. தெரு’ என்று கிறுக்கியிருந்தாள். மற்றதில் வெறும் ‘பிள்ளையார்’. ஆறு மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போது அந்தக் ‘கோ’வைக் கோவிலம்பாக்கம் என்று படித்துத் தொலைத்தாள். பொழிச்சலூரின் உப்பும், கைக்குழந்தைகளுக்கு ஆகாத நைட்ரேட்டும் கோவிலம்பாக்கத்தின் தலையில் விழுந்தன; கோவிலம்பாக்கத்தின் நல்ல தண்ணீர் பொழிச்சலூர் கணக்கில் ஏறியது. ஆய்விதழும் அப்படியே வெளியிட்டது.

தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விட்ட பொழிச்சலூர் பேபி ஒருநாள் போன் செய்தாள்.

“உன் பேப்பரை தெரு அசோசியேஷன்ல படிச்சாங்கம்மா. நம்ம தெரு தண்ணி நல்லாகீதுன்னு போட்டுக்கீறியாமே. எல்லாரும் கேன் தண்ணி வாங்கறத வுட்டுட்டோம். என் தம்பி கொழந்தைக்குப் பால்பவுடர் கலக்கறதுகூட கிணத்துத் தண்ணிலதான்.”

கிருபாவுக்கு, பாட்டிலில் பிடித்த அன்று அந்தத் தண்ணீரை வாயில் வைத்ததுமே துப்பியது நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டை எடுத்துப் பெட்டி எண்களை ஒப்பிட்டாள். பத்தே நிமிடத்தில் எல்லாம் புரிந்தது. உடனே பேபியைக் கூப்பிட்டாள்.

“அக்கா, அந்தத் தண்ணிய கொழந்தைக்குக் குடுக்காதீங்க. நான் ஊர் மாத்திப் போட்டுட்டேன்.”

“பேப்பர்ல போட்டுக்கீதே?”

“பேப்பரே தப்புக்கா.”

“நீ சொன்னா நான் கேப்பேன். தெருவுல கேக்கமாட்டாங்க. தப்புன்னு அந்தப் பேப்பரே சொல்லணும்.”

மறுநாள் காலை கல்லூரியில் துறைத் தலைவர் சத்யநாராயணன் முன் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். அவளுடைய முனைவர் பட்ட வழிகாட்டி. கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. ‘தண்ணீர் மாதிரிகளைச் சேகரித்தவர்கள்: சத்யநாராயணன், கிருபா’ என்று போடச் சொன்னவரும் அவரே. பொழிச்சலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியாது.

“பேப்பரைத் திரும்ப வாங்கினா, அச்சான பேப்பர் இல்லாம அடுத்த மாசம் நீ தீசிஸ் குடுக்க முடியாது. ஏழு வருஷம் போச்சும்மா. இதையெல்லாம் யாரு படிக்கப்போறா?”

“ஒரு தெருவே படிச்சிருக்கு சார்.”

“சரி, உன் இஷ்டம். ஆனா தப்பு உன்னோடதுன்னு எழுது. நான் அங்க வரவே இல்லைன்னு எழுது.”

“எழுதறேன் சார். வந்தீங்கன்னு பேப்பர்ல இருக்கே, அதுவும் பொய்தான்னு சேர்த்து எழுதறேன்.”

சத்யநாராயணன் இருதலைக்கொள்ளி எறும்பானார். வந்தேன் என்றால் தப்பில் பங்கு. வரவில்லை என்றால் கட்டுரையில் அவர் பெயருக்கு என்ன வேலை?

“அப்புறம் வேற கைடு தேடிக்கோ” என்றார்.

“தேடிக்கறேன் சார்.”

வெளியே வந்ததும் கழிவறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள். ஏழு வருட உழைப்புக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, ஆய்விதழுக்கு ஒரு வரி மழுப்பாமல் எழுதி அனுப்பினாள்.

ஏழு வாரத்தில் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் சிவப்பு எழுத்து விழுந்தது: திரும்பப் பெறப்பட்டது. கிருபா அதை அச்செடுத்துக்கொண்டு பொழிச்சலூர் போனாள். அசோசியேஷன் அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே ஒட்டினாள். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“யாரும்மா இப்படித் தப்புத் தப்பா எழுதுனது?” என்றார் ஒருவர்.

“நான்தாங்க.”

பேபி கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ உன் படிப்பு இன்னா ஆவும்?”

“முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்கா” என்றபடி கிருபா பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்தாள். ‘பொழிச்சலூர், பிள்ளையார் கோவில் தெரு, பேபி வீடு’ என்று ஓர் எழுத்து விடாமல் அதில் எழுதினாள். “வாளியக் குடுங்க.”