செம்மறியில் கண்ட ஊசி

கமுதியில் கோகிலாவுக்கு வைத்த பேர் ஆட்டு டாக்டர். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், செம்மறி ஆடுகளுக்குப் பேறுகால வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்கிறாள். அது பிடிபட்டால், பெண்களுக்குக் குறைமாதத்தில் வலி வருவது ஏன் என்பதும் ஒருநாள் பிடிபடலாம். இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அண்ணன் அய்யப்பனின் மனைவி யுவராணிக்கு அன்று வளைகாப்பு. முதல் பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து, மூச்சுவிட முடியாமல் இறந்துபோனது. இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். மணையில் இருந்தவள் விட்டு விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டதைக் கோகிலா பார்த்துவிட்டாள்.

"அண்ணே, மதினிக்கு வலி வந்திருச்சு. இப்பவே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"அது சூட்டு வலி தாயி. சீரகத் தண்ணி குடுத்திருக்கு. எல்லாரும் வளையல் போட்டு முடிக்கட்டும்."

"அதுவரைக்கும் பிள்ளை காத்துக்கிட்டு இருக்குமா?"

"ஆட்டுக்குப் பாத்ததையெல்லாம் எம்பொண்டாட்டிகிட்டப் பாக்காத. ஆடு வேற, மனுசி வேற."

கோகிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கூடுதல் எரிச்சல். செம்மறிக்கு வலியைக் கொண்டுவருகிற ஊசி பெண்களுக்குக் கொண்டுவராது. அந்த வித்தியாசத்தோடுதான் அவள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறாள்.

யுவராணி எழுந்து மாலையைக் கழற்றினாள். "நீங்க இருந்து பந்தி பாருங்க. நான் கோகிலாகூடப் போறேன்."

அய்யப்பன் முணுமுணுத்துக்கொண்டே கார் சாவியைத் தேடினான்.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள்.

"இது வலிய நிறுத்திருமா?" என்று அய்யப்பன் கோகிலாவிடம் கேட்டான்.

"நிறுத்தாது. பிள்ளையோட நுரையீரலுக்குப் பலம் குடுக்கும். செம்மறிக்கு நாளாகுறதுக்கு முன்னாடியே வலி வர வைக்கத்தான் இந்த மாதிரி ஊசியப் போட்டுப் பாத்தாங்க. குறைமாசக் குட்டி செத்துரும்னு நெனச்சா, அது மூச்சு விட்டுச்சு."



வலி அடங்கி அடங்கி வந்து, இரண்டாம் நாள் சாயங்காலம் பெண்பிள்ளை பிறந்தது. கைக்குள் அடங்குகிற பிள்ளை, வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி வீறிட்டது. கோகிலா சுவரோடு சாய்ந்து அழுதாள்.

அய்யப்பன் பக்கத்தில் வந்து நின்றான். "ஏத்தா, மொதப் பிள்ளை பொறந்தப்ப இந்த ஊசி இருந்துச்சா?"

இரண்டு நாளாக அவனைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கோகிலா ஒதுக்கி வைத்தாள். முதல் பிள்ளைக்கு வலி வந்த அன்றைக்கும் சூட்டு வலி என்றுதான் பொழுது சாயும்வரை சீரகத் தண்ணீர் கொடுத்தார்கள்; ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஊசி வேலை செய்ய நேரம் இல்லை.

"இருந்துச்சுண்ணே," என்றாள்.