கெம்மிஸ் வீட்டின் மறுபாதி

டன்லீ மேட்டில் கெம்மிஸ் தம்பதியர் வாழ்ந்த வீட்டில், படுக்கையறைக்கும் சமையலறைக்கும் இடையே இருபத்திரண்டு மைல் தொலைவு இருந்தது. நடைவழிக் கதவைத் திறந்து ஓரடி எடுத்து வைத்தால் அத்தொலைவைக் கடந்துவிடலாம். அந்த மாவட்டத்தார் இச்செய்தியை, கூரையின் வயதையோ தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவையோ சொல்வது போலவே சொன்னார்கள். இது வீட்டின் குற்றத்தால் நேர்ந்ததன்று. வீட்டைப் பெயர்க்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்காததால் நேர்ந்தது. ஆகவே வரிசையாகச் சொல்வதே முறை.

வடக்குக் குவீன்ஸ்லாந்தின் மரவீடுகள் ஆளுயரக் கால்கட்டைகளின்மேல் நிற்பவை. இடம் மாறுகிறவர்கள் வீட்டைக் கட்டைகளிலிருந்து கழற்றி, பெரியதாயிருந்தால் இரண்டாக அறுத்து, லாரியில் ஏற்றித் தம்முடன் கொண்டுபோவார்கள். கேல்ட்டன் ஓடையின் குறுக்கே அணை கட்டுவதென்று அரசு முடிவு செய்ததும், பள்ளத்தாக்கின் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஜன்னல் திரைகள் காற்றில் ஆட, மேட்டுச் சாலையில் ஏறிப் போயின. வால்டா கெம்மிஸின் வீட்டில் மட்டும் திரைகள் முன்னரே கழற்றப்பட்டு, துவைக்கப்பட்டு, மடிக்கப்பட்டிருந்தன. அவர் முதலில் புகைபோக்கியை இறக்கச் செய்தார். செங்கல்லின் பாரத்தோடு வீட்டைத் தூக்கினால் உத்தரம் முறியும். கூரைத் தகரங்களுக்கு, அவை கழற்றப்படுமுன், வண்ணத்தால் எண் இட்டார். அலமாரிகள் அனைத்தையும் காலி செய்து, பீங்கானைப் படுக்கை விரிப்புகளில் சுற்றினார். போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரத்தில் தேவைப்படும் பொருள்கள் லாரியில் போகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆதலால் தேயிலை, மெழுகுவத்தி, திருப்புளி ஆகியவற்றைத் தனிக் கூடையில் இட்டு மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கணவர் கிளாரியிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு ஒன்றே ஒன்று: யாருக்கும் இடைஞ்சலாக இராமலிருப்பது.

வீடு பெயர்க்கும் குழுவின் தலைவரான டெஸ் வெல்லா, மால்ட்டாவிலிருந்து கரும்பு வெட்ட வந்த ஒருவரின் மகன். ரம்பம் ஓடும்போது எல்லாக் கதவுகளும் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் கதவுநிலை கோணிவிடும் என்பது அவருடைய சட்டம். பத்து மணித் தேநீர் ஒரு நிமிடமும் தவறக் கூடாது என்பது அவருடைய ஆட்களின் சட்டம். அடுப்பு சமையலறையில் இருந்தது. கோப்பைகள் மறுபுறம் மூட்டைக்குள் இருந்தன. ரம்பம் நடைவழியின் வாசற்படியைக் கடக்கும் அதே கணத்தில் கிளாரி கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தார்.

"டேய் கிளாரி! கதவ எவன்டா அவுத்தது?"

"பத்து ஆகப்போகுதுடா. டீ வேணுமா, வேண்டாமா?"

டெஸ் சற்று யோசித்தார். "வேணும்" என்றார். ரம்பம் நிறுத்தப்படவில்லை.

படுக்கையறைகளைக் கொண்ட பாதி, அந்தக் கதவோடு, முதலில் புறப்பட்டது. டன்லீ மேட்டில் புதிய கால்கட்டைகள் நடப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் கரையான் ஏறாமல் தடுக்கும் கரையான் தகடு பொருத்தப்பட்டு, மட்டம் பார்த்தபின் வீடு இறக்கப்பட்டது. அறுத்த பக்கத்தைத் தார்ப்பாய் கொண்டு மூடினார்கள். மாலையில் தார்ப்பாயின் முடிச்சைச் சரிபார்க்க வால்டா நடைவழிக் கதவைத் திறந்தபோது, எதிரே சமையலறை இருந்தது. அதில் கிளாரி, பள்ளத்தாக்கில் வால்டா விட்டுவந்த இடத்திலேயே நின்று, தொத்திறைச்சி வறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, அதுக்குள்ள லாரி திரும்பி வந்துடுச்சா?" என்றார் அவர்.

"அடுப்பக் கொற. கருகுது" என்றார் வால்டா.

பிறகு அவர் வெளியே இறங்கி வீட்டைச் சுற்றிவந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் தார்ப்பாயும், புல்லும், அண்டை வீட்டாரின் ஒரு பசுவும் மட்டுமே இருந்தன. உள்ளே திரும்பி வந்து உணவு உண்டார்.

மறுவாரம் சமையலறைப் பாதியை ஏற்றிவர டெஸ் லாரியுடன் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது கிளாரி அவரை உள்ளே விடவில்லை. சமையலறைக்குள் போக வழி இருக்கையில் அதை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று கேட்டார். உண்மைக் காரணம் அதுவன்று. அணை ஒருநாளும் நிரம்பாது என்று ஊர் மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவர் சொல்லியிருந்தார். "தவள குளிக்கவே அந்த ஓடைல தண்ணி பத்தாது. அதுல அணையாம், ஏரியாம்!" அவ்வாறு சொன்னவர் வீட்டைக் கிளப்பிக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும். ஆகவே மறுபாதியைக் கால்கட்டைகளோடு பிணைத்திருந்த புயல் போல்ட்டுகளை ஸ்பானரால் ஒரு சுற்றுக் கூடுதலாக முறுக்கிவிட்டு, நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். உறங்க மட்டும் மேட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து வால்டாவுக்கு ஒரே கவலைதான் இருந்தது: தண்ணீர் வரும் நாளில் கிளாரி கதவின் எந்தப் பக்கம் இருப்பார் என்பது.

தண்ணீர் வரவில்லை. தொடர்ந்து பல ஆண்டுகள் வறட்சி நிலவியது. அணைச்சுவரின் அடியில் மாடுகள் நிழலுக்கு ஒதுங்கின. கெம்மிஸ் வீட்டில் இரண்டு வானிலைகள் வழக்கமாயின. படுக்கையறையில் காற்று வீசும்போது சமையலறையில் ஓர் இலையும் அசையாது. வானொலி ஒரு பாதியில் டவுன்ஸ்வில் நிலையத்தையும் மறுபாதியில் மக்காய் நிலையத்தையும் எடுத்தது. மேட்டுக்காரர்கள் சிலர் ஓடையில் மீன் பிடிக்க இக்கதவைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வால்டா அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், காலணி கழற்றிய பிறகே அனுமதித்தார். மேற்குச் சுவருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வண்ணம் பூச வேண்டும் என்பதால், அவர் மேட்டுப் பாதியைப் பூசியபின் கதவைத் தாண்டிச் சென்று பள்ளத்தாக்குப் பாதியையும் அதே வண்ணத்தால் பூசினார். முழுகப்போகும் சுவருக்கு எதற்குப் பூச்சு என்று டெஸ் கேட்டதற்கு, வீடு ஒன்றே என்று விடையளித்தார்.

நீர்த்தேக்க அலுவலகத்திலிருந்து ஹோலிங் என்னும் இளம் அதிகாரி, பள்ளத்தாக்கு காலியாகிவிட்டதா என்று பார்க்க வந்தார். அரை வீடு ஒன்று நிற்பதையும் அதில் ஓர் அம்மையார் ரொட்டி சுடுவதையும் கண்டு, இங்கே குடியிருக்கக் கூடாது என்றார். "நாங்க இங்க குடியிருக்கல, மேட்டுல இருக்கோம்" என்றார் வால்டா. ஹோலிங் அதைச் சோதிக்க இருபத்திரண்டு மைல் காரோட்டி மேட்டுக்குப் போனார். அங்கே வால்டா கதவைத் திறந்தார். கையில் மாவு இருந்தது.

"வாங்க. ரொட்டி இப்பதான் எறக்கினேன்."

"அம்மா, நீங்க... அங்க..."

"சூடு ஆறிடும். உக்காருங்க."

அவர் இரண்டு துண்டு உண்டுவிட்டு, குடியிருப்பு மேட்டில் என்று பதிவு செய்துகொண்டு போனார். அவர் எழுதியது சரியே.

எட்டாம் ஆண்டு மழைக்காலத்தில் கடலிலிருந்து ஒரு புயல் வந்து மலைகளின்மேல் உட்கார்ந்துகொண்டது. ஓடைகள் அனைத்தும் ஒரே வேளையில் இறங்கின. தண்ணீர் முதலில் வேலியை எடுத்தது. பிறகு கழிப்பறையை எடுத்தது. பிறகு கால்கட்டைகளின் பாதி உயரத்துக்கு வந்து நின்று, மறுநாள் மீண்டும் ஏறியது. மேட்டுக்காரர்கள் அச்சம் கொண்டார்கள். சமையலறைக்குள் தண்ணீர் புகுந்தால் அது கதவோடு நிற்காது. ஏரி முழுவதும் வால்டாவின் படுக்கையறை வழியாக டன்லீ மேட்டின் தெருவில் இறங்கும். அந்தக் கதவைச் சுவர் வைத்து அடைத்துவிடும்படி ஊராட்சி கேட்டுக்கொண்டது. டெஸ் வெல்லா, பலகைகளும் தாரும் ஆணிகளும் கொண்டு, காலையிலேயே வந்து நடைவழியில் நின்றார். கிளாரி சமையலறை நாற்காலியை விட்டு எழவில்லை.

"அடிங்கடா, அடிச்சுக்கோங்க. தண்ணி ஜன்னலத் தொடாது. நான் சொல்றேன்."

"நீ தவளைக்கே பத்தாதுன்னு சொன்னவன்டா" என்றார் டெஸ்.

"இந்தா பாரு வால்டா, இவன மொதல்ல அனுப்பு."

வால்டா குரலை உயர்த்தவில்லை. "செவுரு அடிக்கிறப்ப நீ எந்தப் பக்கம் நிப்ப கிளாரி? அத மட்டும் சொல்லு. அதுக்கேத்தாப்புல உன் துணிமணிய எடுத்து வைக்கணும்."

கிளாரி ஜன்னலைப் பார்த்தார். அவருடைய மாட்டுத் தொழுவத்தின் கூரைமேல் இரண்டு கோழிகள் தென்பட்டன, தொழுவம் தென்படவில்லை.

டெஸ் வேறு வழி ஒன்று சொன்னார். வீட்டைத் தண்ணீர் முழுக்கடிப்பதில்லை, போல்ட்டுகளே முழுக்கடிக்கின்றன என்றார். தரைப்பலகைகள் இலேசான பைன் மரம். அடியில் வெற்றுப் பீப்பாய்களைக் கட்டி, இடுக்குகளில் தார் வார்த்து, போல்ட்டுகளை அவிழ்த்துவிட்டால் சமையலறை மிதக்கும். ஒன்றை விட்டுவிட்டாலும் அந்த மூலை கீழேயே நிற்கும், மற்றவை எழும், கவிழ்ந்துவிடும்.

"நகராதுன்னு எட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன் வால்டா" என்றார் கிளாரி.

"ஆமா. சொல்லி முடிச்சாச்சு. இப்ப ஸ்பானர எடு."

கரும்புப்பாகு வைத்திருந்த பீப்பாய்களை மேட்டுக்காரர்கள் தத்தம் பண்ணைகளிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து, படுக்கையறை வழியாக, சேற்றுக் காலணிகளோடு, வால்டாவின் கம்பளத்தின்மீது நடந்து, சமையலறை ஜன்னல் வழியாக இறக்கினார்கள். வால்டா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒருவரையும் கடியவில்லை. கிளாரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பீப்பாய்களைக் கட்டினார். மார்பளவு தண்ணீரில் போல்ட்டுகளை அவிழ்த்தார். கடைசி போல்ட்டு அசைய மறுத்தது. எட்டாண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுக் கூடுதலாக முறுக்கியவரும் அவரே. துரு அதன்பின் இன்னும் ஒரு சுற்று முறுக்கியிருந்தது.

தண்ணீர் அவருடைய தாடையைத் தொட்டபோது மற்ற மூலைகள் எழத் தொடங்கின. சமையலறை சாய்ந்தது. மேசை வழுக்கிச் சுவரில் மோதியது. தாழ்ந்த மூலையில் தண்ணீர் உள்ளே ஏறி, தரை வழியே ஓடி, வாசற்படியைத் தாண்டி மேட்டுக் கம்பளத்தை நனைத்தது. நடைவழியில் நின்றவர்கள் கூச்சலிட்டார்கள்.

"கதவ மூடுங்க மிஸஸ் கெம்மிஸ்! மூடுங்க!" என்று டெஸ் பலகையைத் தூக்கினார்.

வால்டா ஒரு காலை மேட்டிலும் ஒரு காலைப் பள்ளத்தாக்கிலும் ஊன்றி நிலையைப் பற்றிக்கொண்டார். "அவரு உள்ள வந்தப்புறம் மூடுறேன். அதுவரைக்கும் அந்தப் பலகையக் கீழ வை, டெஸ்."

டெஸ் பலகையைக் கீழே வைத்தார். இரும்பு அறுக்கும் வாளைப் பல்லில் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்தார். வீட்டடியில் இருவரும் மாறி மாறி மூழ்கி அறுத்தார்கள். ஒருவர் மேலே வரும்போது மற்றவரை ஏசுவது கேட்டது. ஏச்சு கேட்கும்வரை வால்டாவுக்கு நிம்மதி. பிறகு ஏச்சு நின்றது. தரைக்கடியில் ஏதோ அறுந்த ஒலி எழுந்தது. சமையலறை ஒரு பெருமூச்சு விட்டாற்போல் நிமிர்ந்து, மட்டமாயிற்று. ஜன்னல் விளிம்பில் இரண்டு கைகளும், பின்னர் இன்னும் இரண்டு கைகளும் தோன்றின.

"கால நல்லாத் தொடச்சிட்டு வா" என்றார் வால்டா.

சுவர் அடிக்கப்படவில்லை. பள்ளத்தாக்கு ஏரியாயிற்று, சமையலறை அதன்மேல் காற்றுக்கேற்பப் போய்வந்தது. நங்கூரம் போடலாம் என்று டெஸ் சொன்னதைக் கிளாரி ஏற்கவில்லை. ஓரிடத்திலேயே கிடப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் வேறொரு கரையைப் பார்த்தபடி தம்பதியர் காலை உணவு உண்டார்கள். ஏரியில் மிதப்பவை எல்லாம் பதிவெண் தாங்க வேண்டும் என்று, இப்போது சற்றே பருத்திருந்த ஹோலிங் வந்து சொன்னார். கிளாரி ஜன்னலுக்குக் கீழே எண்ணை எழுதினார், வால்டா அதை மட்டம் பார்த்துத் திருத்தினார். மிதக்கும் பாதிக்குக் கரையான் தகடு தேவையில்லை என்பதையும், தார் மட்டும் ஆண்டுதோறும் புதிதாக வார்க்க வேண்டும் என்பதையும் அக்கம்பக்கத்தார் தெரிந்துகொண்டார்கள்.

நீர் நிரம்பிய ஆண்டுகளில் ஏரியின் ஒரு கை டன்லீ மேட்டின் அடிவரை நீண்டிருக்கும். அத்தகைய ஒரு மாலையில், வால்டா படுக்கையறை வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சமையலறை மெல்ல மேட்டடிக்கு வந்தது. ஜன்னலில் கிளாரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்; தலை நிமிர்ந்து வால்டாவைப் பார்த்துக் கையசைத்தார்.

"வால்டா, உப்பு எங்க வெச்ச?"

குரல் முதலில் நடைவழிக் கதவு வழியாக வந்தது. சற்றுப் பின்னர் தண்ணீரின் மேலாகவும் வந்தது. வால்டா முதலில் வந்த குரலுக்கு விடை சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்தார்.