மாப்பிள்ளை கூப்பிடும் ஆட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: ஜன்னலுக்கு முதுகைக் காட்டி என் தங்கை. அவளுக்கு இடப்பக்கம், குளிர்சாதனப் பெட்டியை ஒட்டி என் மனைவி. நடுநடுவே எழுந்து எதையாவது எடுத்து வருகிறவள் என்பதால் அவளுக்கு அந்த இடம். அவளுக்கு எதிரே முக்காலியில், மாடியில் குடியிருக்கும் டெய்லர். அவருக்குப் பக்கத்தில் நான், வில்லைகள் போட்டு வைத்த பிஸ்கட் டப்பாவோடு. தங்கைக்கு நேர் எதிரே, மேசையின் மறுகோடியில், கை வைத்த நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை. அதன் முன்னால், தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்த மாப்பிள்ளையின் செல்போன்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது தங்கையின் கணவரை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வாய்க்கு வாய் "கிளட்ச், கிளட்ச்" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் அவருக்குக் கிளட்ச் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்தான்.

தங்கையின் மகள் பிரெஞ்சு பேசுகிற நாட்டில் குடியேறிவிட்டவள். பிள்ளை பெறப் போகிறாள். அப்பாவும் அம்மாவும் தன்னோடு வந்து இருந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு தேர்வு உண்டு. பிரெஞ்சில் சொல்வதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், கேட்டதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். மகள் ஒரு புத்தகம் அனுப்பினாள். இருவரும் அதோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டினார்கள்.

"புத்தகத்தத் திறந்தா எனக்குத் தூக்கம் வருது மச்சான். உங்க தங்கச்சிக்கு அடுப்புல வச்சது ஞாபகம் வருது. இது தேறாது," என்றார் மாப்பிள்ளை.

கார்ப் பாடத்தையே விளையாட்டாக நடத்துகிறவர் அவர். கியர்க் குமிழின்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டு, எந்த கியர் என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் டீ வாங்கித் தர வேண்டும். அந்தப் புத்தியில் பிரெஞ்சுக்கும் ஓர் ஆட்டம் கட்டினார். தம்போலா மாதிரிதான், ஆனால் அட்டையில் எண்களுக்குப் பதிலாகப் படங்கள். சாவி, குடை, மாடிப்படி, ரொட்டி, மழை, மருத்துவர். கூப்பிடுகிறவர் பிரெஞ்சில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் படத்தின்மேல் வில்லை வைக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் "வொய்லா!", அதாவது "இதோ!", என்று கத்த வேண்டும். ஒரே மாதத்தில், பள்ளிக்கூடத்தோடு படிப்பை மறந்த என் மனைவியே பால்காரரிடம் பாலை "லெ" என்று கேட்டு வாங்குகிறவளாகிவிட்டாள்.

பிறகு அவருக்கு ஒரு குறை வந்தது. "கூப்பிடுறவன் ஜெயிக்க முடியாதே மச்சான். நானும் ஆட வேண்டாமா?" மகளிடம் போனில் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு, தன் குரலிலேயே மூன்று ஆட்டங்களைப் பதிவு செய்தார். அதன்பின் தன் குரலுக்கு எதிரே தானே உட்கார்ந்து ஆடினார். தன்னிடமே தோற்றுப்போய்ச் சிரித்தார்.

ஒரு காலை, பாடம் நடத்தும் காரில், ஆசிரியர் இருக்கையிலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. ஓட்டிய பெண் என்னிடம் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் பிரேக்க மிதிக்கவே இல்ல சார். வண்டி பாட்டுக்கு ஓரமாப் போய் மெதுவா நின்னுச்சு." அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவர் கால் அதன்மேல் இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கையே அட்டைகளை எடுத்துப் பரப்பினாள். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கூஜாவில் சாய்த்து வைத்தாள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "ஆரம்பிக்கலாமா? யாரும் பக்கத்து அட்டைய எட்டிப் பாக்கக் கூடாது," என்றார். என் மனைவி, பார்த்துக்கொண்டிருந்த டெய்லரின் அட்டையிலிருந்து சட்டென்று கண்ணை எடுத்தாள்.

அன்று முதல் வாராவாரம் அவர் வந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியில், அந்தப் பழைய பகல்பொழுதின் மூச்சு கேட்டது. மின்விசிறி கிறீச்சிட்டது. எங்கள் விசிறியோ அணைந்திருந்தது. இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் அழைப்பு மணி அடிக்கும். பதிவு செய்த அன்றைக்கு யாரோ வந்திருக்கிறார்கள். மணி அடித்ததும் என் மனைவி எழுந்து போய்க் கதவைத் திறப்பாள்.

"அது போனுக்குள்ள அடிக்குது அண்ணி," என்று டெய்லர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"தெரியுது. இருந்தாலும் யாராவது நின்னுட்டிருந்தா?"

திறந்தவள் உடனே மூடுவதில்லை. யாருக்கோ வழி விடுவது போல ஓர் அடி பின்னால் நகர்ந்து, அப்புறம்தான் மூடுவாள். நான் பார்த்தேன்; அவளிடம் கேட்கவில்லை.

எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தவள் தங்கைதான். எங்களுக்குப் பெருமை. மகளிடம் போனில், "உன் அம்மா அங்க வந்து உங்களுக்கே பாடம் எடுப்பா பாரு," என்றுகூடச் சொல்லிவிட்டேன். தேர்வு நெருங்கியது. மொழி மையத்தில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். தங்கை வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைக்கு வந்ததும் சொன்னாள்.

"ஒரு வார்த்தைகூடக் காதுல ஏறல அண்ணா. கேள்வி கேட்ட பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. புரியலன்னா என்ன சொல்லணும்னு அவளே சொல்லிக் குடுத்தா. அதையும் சொல்ல வாய் வரல."

கையில் மையத்தின் கடிதம் ஒன்று வைத்திருந்தாள். தேர்வுக்குப் பதிவு செய்தபோது, உரையாடல் பகுதியில் கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்களாம். இருவரும் வருவதை எழுத்தில் உறுதி செய்து அனுப்புங்கள், தேதி தவறினால் பதிவு ரத்தாகும் என்று அதில் இருந்தது. இந்தத் தேர்வு போனால் குடியேற்ற அனுமதிக்கான கெடுவும் போய்விடும். அங்கே மகள் தனியாகப் பிள்ளை பெறுவாள், இங்கே இவள் தனியாக இருப்பாள். எல்லாம் அவளுக்கும் தெரியும்.

"ரெண்டு பேரும் வர்றோம்னு எழுதிடு அண்ணா," என்றாள்.

"எப்படிம்மா எழுதறது?"

"அப்ப ஒண்ணும் எழுதாத."

கடிதம் பழக்கூடைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு நான் ஆடாமல் அவள் கையை மட்டும் கவனித்தேன். மூன்றாம் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல் குடைப் படத்தின்மேல் வில்லையை வைத்தது.

"என்னம்மா, அவர் இன்னும் சொல்லவே இல்லையே."

"சொல்லிடுவார்."

போன் இருமியது. "பாராப்ளுயி," என்றது. குடை.

அப்போதுதான் விளங்கியது. மூன்று ஆட்டத்திலும் வார்த்தைகள் என்றும் ஒரே வரிசையில்தான் வரும். எங்களுக்கு அது மறந்துபோகும், அவளுக்கு மறக்கவில்லை. இருமினால் குடை, நாற்காலி முனகினால் சாவி, மணி அடித்தால் மருத்துவர். அவள் கற்றுக்கொண்டது அவருடைய இருமலையும் மூச்சையும். பிரெஞ்சு அதன் ஓரத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீ பிரெஞ்சக் கேக்கலம்மா. அவரக் கேட்டுட்டிருக்க," என்றேன்.

"வேற யாரக் கேக்கச் சொல்ற?"

மாப்பிள்ளை அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

மகள் சொன்ன ஒரு செயலியை வைத்துப் பார்த்தோம். அதில் ஒரு பெண் குரல். தங்கை கொஞ்ச நேரம் கேட்டாள். "யாரு இவ, ரயில் தாமதம்னு சொல்றவளா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் கூப்பிடுகிறேன் என்றால், அந்த நாற்காலியில் நான் உட்காரக் கூடாது என்கிறாள். நின்றுகொண்டு கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

வழி சொன்னவர் டெய்லர். தைத்த துணிகளை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. "துணி அதே துணிதான் சார். வேற மாதிரி வெட்டிப் பாக்கலாம். ஒவ்வொரு வார்த்தையா நறுக்கிக் குலுக்கிப் போட்டா, எது முன்னாடி எது பின்னாடின்னு அக்காவுக்கும் தெரியாது."

தங்கையிடம் சொன்னேன். "அழிச்சிட மாட்டீங்களே?" என்று மட்டும் கேட்டாள். நகலில்தான் வெட்டுவோம் என்றேன். டெய்லர் மாடியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்தார். இறங்கி வந்து வாசலிலேயே நின்றார். "இருமல என்ன சார் பண்றது?" என்றார். இருக்கட்டும், இடத்தை மட்டும் மாற்றுங்கள் என்றேன்.

நான் முதலில் சொன்ன ஞாயிறு இதுதான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தங்கை போனைச் சாய்த்து வைத்தாள்.

மாப்பிள்ளை "பக்கத்து அட்டைய எட்டிப் பாக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு, பாதியில் அறுந்தது. பிறகு ஏதோ ஒரு வார்த்தை. தங்கையின் விரல் ரொட்டிக்குப் போய், தயங்கி, நின்றது. இருமல் வந்தது. அவள் குடையின்மேல் வைத்தாள். போன் "ஃபெனேத்ர்" என்றது, ஜன்னல் என்று பொருள். அவள் வில்லையைத் திரும்ப எடுத்தாள். மணி அடித்தது; பாதி மணி. என் மனைவி எழப் போய், எழாமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க," என்றாள் தங்கை. "இது அவர் இல்ல. அவர் வாய்க்குள்ள இருந்து வேற யாரோ பேசுறாங்க."

டெய்லர் போனை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிட்டது. "எஸ்கலியே."

தங்கை எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தாள். போனைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்று மேலே, உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்தாள். மையத்தில் சொல்ல வாய் வராத அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"ரெபெத்தே, சில் வு ப்ளே." தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள்.

டெய்லரின் கை அந்தரத்திலேயே நின்றது. மழைச் சத்தம் கேட்டது.

"எஸ்கலியே," என்றார் மாப்பிள்ளை.

இரண்டாம் முறை கொஞ்சம் நிதானமாகச் சொன்னது போல எனக்குக் கேட்டது. என் மனைவிக்கு அப்படித் தோன்றவில்லையாம்.

தங்கை மாடிப்படியின்மேல் வில்லையை வைத்தாள். அடுத்த வார்த்தைக்கும் அதே வாக்கியத்தைச் சொல்லிக் கேட்டாள். போன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அதற்கடுத்ததற்குப் போய்விட்டது. அதற்கும் கேட்டாள். பதில் இல்லை. பிறகு அட்டையை அருகில் இழுத்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டு, யோசித்து, வைத்தாள். பாதி தப்பு. பாதி சரி. சரியானவை முதல்முறையாக அவள் காதால் கேட்டவை.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தவள் என் மனைவி. "வொய்லா" என்று ரகசியம் போலச் சொல்லி, "தப்பா எடுத்துக்காதம்மா," என்றாள்.

வாசலில் டெய்லர் என்னைத் தனியாக நிறுத்தினார். "ஒரு தடவ வந்தது திரும்ப வராதபடிதான் சார் வச்சேன். மூணு ஆட்டத்துலயும் அந்த வார்த்தை இருக்குல்ல, ஒரு துண்டு கூடுதலா தங்கியிருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

"இருக்கும் சார்," என்றார். படியேறும்போது, நடுப்படியில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார்.

நான் உள்ளே வந்தபோது தங்கை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணி, அடுத்த ஆட்டம் நீங்க கூப்பிடுங்க," என்றாள்.

"நானா? நான் கூப்பிட்டா பிரெஞ்சுக்காரன் நாட்டையே காலி பண்ணிட்டுப் போயிடுவான்."

"பரவால்ல. மையத்துல வர்றவங்க எப்படிப் பேசுவாங்களோ, யாரு கண்டா."

என் மனைவி கூப்பிட்டாள். டெய்லர் கூப்பிட்டார். ரயில் தாமதம் சொல்கிறவளும் கூப்பிட்டாள். மகள் போனில் வந்து, மூச்சு வாங்க, இரண்டு ஆட்டம் கூப்பிட்டாள். அந்த வாரத்தில் தினமும் மாலை ஆடினோம். தங்கை பல ஆட்டங்களில் தோற்றாள். புரியாத இடத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். எங்களில் யார் கூப்பிட்டாலும் மறுபடி சொன்னோம். மாப்பிள்ளையின் போன் அலமாரியில் இருந்தது. மின்னேற்றம் தீரவிடாமல் அவள் பார்த்துக்கொண்டாள்; ஆட்டத்துக்கு எடுக்கவில்லை.

கடிதத்துக்குக் கடைசி நாள் வந்தது. அன்று காலை அவளே பழக்கூடையைத் தூக்கிக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுண்ணா. ஒருத்தர்தான் வர்றோம்னு."

நான் தேதி, பதிவு எண், பொருள் எல்லாம் முறையாகப் போட்டு எழுதினேன். படித்துக் காட்டினேன். "என் கணவரால் வர இயலாது" என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இயலாதுன்னா, இன்னொரு நாள் வருவார்ங்கற மாதிரி இருக்கு."

"வேற எப்படிம்மா போட?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இறந்துட்டார்னு எழுது."

அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டது அதுவே முதல் தடவை. வேறு தாள் எடுத்து, முதலிலிருந்து எழுதினேன். உரையாடல் பகுதியில் யாரோடு பேச விருப்பம் என்ற கேள்விக்கு, மையம் அமர்த்தும் எவரோடும் பேசச் சம்மதம் என்று போடச் சொன்னாள். கையெழுத்திட்டாள். மை காயும்வரை தாளை விசிறினாள்.

உறையை ஒட்ட நான் பசையை எடுத்தேன். கொடு என்று வாங்கி, அவளே தடவி, மடிப்பை மூடி, உள்ளங்கையின் ஓரத்தால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள். தபால் நிலையம் வரை நடந்தே போனோம். பெட்டியின் வாயில் உறையை நுழைத்தபின் விரலை உடனே எடுக்கவில்லை. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவள் விட்டுவிட்டாள். உறை உள்ளே விழுந்தது.