பிரிசில்லா கலந்த எண்ணெய்

பொறாமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருஷமாக அந்த ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். கரண்ட் போனால் பனியன் கம்பெனி மொத்தமும் என் கையில்தான். சத்தத்தை வைத்தே டீசல் பீய்ச்சும் எந்த நாசில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவேன். "சென்னிமலையண்ணன் சொன்னா எஞ்சினே சொன்ன மாதிரி" என்பார் முதலாளி வேல்குமார். அந்தப் பேர் ஒன்றுதான் என் சொத்து. அதில் கை வைக்க வந்தாள் பிரிசில்லா.

சேவூர்ப் பக்கத்துப் பெண், கெமிஸ்ட்ரி படித்தவள், முப்பது வயதுகூட இருக்காது. புகையைக் குறைக்கச் சொல்லி, எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் நெருக்கியதால் முதலாளி அவளை வேலைக்கு எடுத்தார். பரோட்டாக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயையும், உடுமலைப்பேட்டை ஆலைகளில் கழிக்கும் தேங்காயெண்ணெயையும் வாங்கி பயோடீசலாக்கி, நூறு லிட்டருக்கு இருபது லிட்டர் என்று என் டீசலில் கலந்தாள். என் டீசலில்!

"ஏனம்மிணி, எஞ்சின் பரோட்டா திங்குமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எந்த எண்ணெய்ங்கறதைப் பொறுத்ததுங்ணா. தேங்காயெண்ணெய் சேர்ந்தா சீக்கிரம் பத்திக்கும், தட்டுற சத்தம் குறையும். பரோட்டாக் கடைச் சூரியகாந்தி எண்ணெய் கூடிப்போச்சுன்னா நைட்ரஜன் புகை ஏறும். அதனாலதான் அளந்து கலக்கறனுங்க. பயோடீசலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்குதுங்க, கரி கம்மியாத்தான் வரும்."

சொன்னபடியே ஆகித் தொலைந்தது. புகைக்குழாய் வாயில் வெள்ளைப் பனியன் துணியைப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். எப்போதும் கருகருவென்று வரும் துணி, வெளிறின சாம்பல் நிறத்தில் வந்தது. எஞ்சின் சத்தமும் பதமாகிவிட்டது. பத்தொன்பது வருஷம் என்னிடம் முரண்டு பிடித்த கழுதை, அவளிடம் மட்டும் பெட்டிப்பாம்பாய் அடங்குகிறது. வயிறு எரியுமா எரியாதா? முதலாளி அந்தத் துணியை ஆபீஸ் முழுக்கக் காட்டினார். எதற்கெடுத்தாலும் பிரிசில்லா, பிரிசில்லா. டீ வந்தால் முதல் டம்ளர் அவளுக்கு.

"வியாழக்கிழமை முழு லோடு போட்டு ஓட்டிப் பாத்துரலாம். நல்லா வந்தா நம்ம மத்த ரெண்டு யூனிட் ஜெனரேட்டருக்கும் இதேதான். இல்லைன்னா நிறுத்திக்கலாம்" என்றார் முதலாளி.

ஜெனரேட்டர் அறைக்கு அடுத்தது ரைசிங் மெஷின். குளிர் உடுப்புத் துணியைச் சீவிச் சீவி மெத்தென்று ஆக்கும். அதில் பறக்கும் பஞ்சுத்தூசி எஞ்சினின் ஏர் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். தினமும் அதைக் கழற்றி, கம்ப்ரசர் காற்றால் ஊதுவது என் வேலை. வெள்ளிக்கிழமையிலிருந்து ஊதவில்லை. காற்றுக் கிடைக்காவிட்டால் எந்த எண்ணெயும் முழுசாக எரியாது. அவள் மூக்கு உடையட்டும் என்றுதான் விட்டேன். வெட்கமாகவும் இருந்தது. இருந்தும் ஊதவில்லை.

வியாழக்கிழமை துணி தார் பூசினதுபோல வந்தது. முதலாளி முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த சந்தோஷம்.

"நான் அப்பவே சொன்னனுங்க, டீசல்னா டீசல்தானுங்க" என்றேன்.

பிரிசில்லா புகை அளக்கும் தன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரி ஏறியிருக்குது, ஆனா நைட்ரஜன் புகை இறங்கியிருக்குது. கலவை தப்பா இருந்தா இப்படி வராதுங்க. காத்துப் பத்தலீங்க. ஃபில்டர் எப்பங்ணா ஊதுனீங்க?"

"நேத்து சாயங்காலம்" என்றேன், நாக்குக் கூசாமல்.

அவள் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தாள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பஞ்சுத்தூசிக்கு நிறம் உண்டு! நேற்றுக் காலையிலிருந்து ரைசிங்கில் ஓடுவது நேவி ப்ளூ துணி மட்டும்தான். ஃபில்டரிலோ நீலத்துக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பச்சை. பச்சை ஆர்டர் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. பனியன் கம்பெனியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

பிரிசில்லா ஒவ்வொரு நிறமாக விரலால் உரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபில்டரை ஊதி மாட்டி, எஞ்சினை மறுபடி ஓட்டினாள். துணி வெளிறின சாம்பலாக வந்தது.

முதலாளி சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டார். "உடுங்கண்ணா. வயசாகுதில்லீங்களா, மறந்திருப்பீங்க. இனி ஃபில்டரையும் அம்மிணியே பாத்துக்கட்டும். நீங்க சும்மா உக்காந்திருங்க, சம்பளம் வரும்."

"ஆமாங்க, மறந்திருப்பாருங்க" என்றாள் பிரிசில்லா. என்னைக் காப்பாற்றுகிறாளாம்!

தலையாட்டியிருந்தால் வேலை தங்கியிருக்கும். மறதிக்காரக் கிழவன் என்ற பேரும் தங்கியிருக்கும். அந்த எஞ்சின் விஷயத்தில் நான் மறப்பேனா? காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஆள் விட்டு ஊதச் சொன்னவன் நான்.

"மறக்கலீங்க" என்றேன். "வேணும்னேதான் ஊதாம விட்டனுங்க. தெனமும் அதுக்கு முன்னால வந்து நின்னு, பாத்துட்டு, அப்படியே போனனுங்க."

முதலாளியின் கை தோளிலிருந்து இறங்கியது. அவர் கேட்கும் முன்பே ஜெனரேட்டர் அறைச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் பிரிசில்லாவிடம் நீட்டினேன். அவள் கண் கலங்கி, "வேண்டாங்ணா, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். அந்த நல்ல மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.