மீட்டரைக் கழட்டி எறிஞ்ச ஞாயித்துக்கிழமை

என் பேரு வில்லடீன். அது லைசன்ஸ்ல இருக்கற பேரு. அமெரிக்காவுல, இந்த ஆர்கன்சாவுல லாரி ஓட்டுற எவனுக்கும் அது தெரியாது. லாரிக்காரங்க வண்டியில இருந்தே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிற ரேடியோவுல நான் காட்டுப்பூனை. பத்தொன்பது வருஷமா கோழி லோடு அடிக்கிறேன். ஒரு தடவை பனியில வண்டி பள்ளத்துல சாஞ்சப்ப, "காட்டுப்பூனை கவுந்துட்டேன், யாராச்சும் வாங்கடா"ன்னு மைக்ல கத்தினேன். பதினோரு லாரி வந்து நின்னுச்சு. வில்லடீன்னு கத்தியிருந்தா ஒரு நாய்கூடத் திரும்பிப் பாத்திருக்காது.

அந்தப் பேரைத்தான் ஹாய்ட்னு ஒரு லாரிக்காரன் தூக்கிக்கிட்டான். புது லாரி வாங்கி, கதவுல பூனை படம் வரைஞ்சு, சேனல்ல வந்து "நான்தான் காட்டுப்பூனை"ன்னான். ஏன்டான்னு கேட்டா, "அம்மாடி, பேருக்குப் பட்டாவா வெச்சிருக்க?"ன்னு இளிக்கிறான்.

இதுக்கு எங்க ஆளுங்ககிட்ட ஒரு வழி இருக்கு. ரெண்டு வண்டியையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தி, ஒரே சேனல்ல ஒரே நேரத்துல மைக்கை அமுக்கிப் பேசணும். நாலு மைல் தள்ளி, குன்னு மேல கார்ல, தீர்ப்பு சொல்ற பெரியவர் லீலண்ட் ரேடியோவைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பலமா வர்ற அலை மத்ததை அமுக்கிடும். அவர் காதுல எவன் குரல் விழுதோ அவன் ஜெயிச்சான். மூணு சுத்து. தோத்தவன் பேரை விட்டுடணும். அலையோட பலத்தைக் கூட்ட ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி, ரெண்டும் ஒரே அளவு. சர்க்காருக்கு அந்தப் பெட்டி ஆகாது. சர்க்காருக்கு எதுதான் ஆகுது!

அந்த ஞாயித்துக்கிழமை மாட்டுச் சந்தை மைதானத்துல அறுபது எழுபது பேர் கூடிட்டாங்க. முதல் சுத்து என்னுது. ரெண்டாவது சுத்துல பாதிப் பேச்சுல, அலையோட பலத்தைக் காட்டுற என் மீட்டர் முள் ஆயிரம் வாட்டுலேர்ந்து அறுநூறுக்கு விழுந்துச்சு, மறுபடி ஏறிச்சு, மறுபடி விழுந்துச்சு. அந்தச் சுத்து ஹாய்ட்டுக்குப் போச்சு.

"பூனைக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, பால் குடுங்கப்பா!"ன்னு கத்தினான். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது.

கடைசிச் சுத்துக்கு முன்னால பத்து நிமிஷம் குடுத்தாங்க. என் வீட்டுக்காரர் ராய்ஸ் ஸ்குரூ டிரைவரோட ஓடி வந்தாரு. "டிரான்சிஸ்டர்தான் போயிருக்கும் வில்லடீன். பெட்டியைத் திறக்கட்டா?"

எங்க ஆளுங்க புத்தியே அதான். முள் சாஞ்சா பெட்டியைத் திற, டிரான்சிஸ்டரை மாத்து. போன மாசம் இதே கோளாறுக்கு நாலு மாத்தினேன். ஒரு மண்ணும் ஆகல.

"பெட்டியில கை வெச்சே, கையை ஒடிப்பேன். பேட்டரியைப் பாருய்யா."

வேற சேனலுக்கு மாத்தி மைக்கை அமுக்கினேன். முள் விழுந்தப்பவும் பேட்டரி வோல்ட் அசையல. எர்த் போல்ட்டை முறுக்கிப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. பெட்டியை அணைச்சிட்டு வெறும் ரேடியோவுல பேசினேன். நாலு வாட், முள் ஆடாம நின்னுச்சு. பெட்டியைப் போட்டதும் மறுபடி அதே ஆட்டம்.

"விட்டுடும்மா, வேற பேரு வெச்சுக்கலாம்"னாரு ராய்ஸ்.

"உன் பேரை மாத்திக்கோ. என்னுது என்னுதுதான்."

மைக்கை விட்டுட்டு ஒவ்வொரு கனெக்ஷனா தொட்டுக்கிட்டே வந்தேன். பெட்டியிலேர்ந்து மீட்டருக்குப் போற ஒரு முழத்துக் கேபிள், அதோட முனை அடுப்பு மாதிரி கொதிச்சுது. ராய்ஸை மைக்கை அமுக்கச் சொல்லி, ஒரு மரக்குச்சியால கேபிளைத் தட்டினேன். தட்டத் தட்ட முள் குதிச்சுது. லூஸ் கனெக்ஷன்! உள்ள ஈயத்தை உருக்கி ஒட்டின சால்டர் சரியா பிடிக்கல. நாலு வாட்டைத் தாங்கும், ஆயிரம் போனா சூடாகி விட்டுடும்.

அந்தக் கேபிளைச் செஞ்சதே நான்தான். பெரிய மீட்டரை டேஷ்போர்டு மேல வெச்சு, கூட்டம் என் முள்ளைப் பாத்து வாயைப் பொளக்கணும்னு ஆசை. இங்க அத்தனை பேருக்கும் அந்த வியாதி உண்டு. நல்லா வேணும் எனக்கு.

மாத்துக் கேபிள் கிடையாது. ஹாய்ட் ஆளுங்ககிட்ட கேக்கறதுக்கு நான் செத்தே போயிடலாம். மீட்டரையும் கேபிளையும் பிடுங்கி எறிஞ்சேன். மீட்டர்ல மாட்டியிருந்த ஆன்டெனா வயரை நேரா பெட்டியிலயே திருகினேன்.

"ஐயையோ, முள் இல்லாமலா! கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டப் போறியா அம்மாடி?"ன்னான் ஹாய்ட்.

"முள்ளைப் பாத்து நீ சந்தோஷப்படுடா. லீலண்ட் காதாலதான் கேக்கறாரு."

வாய்தான் அப்படிச் சொல்லுச்சு. கோளாறு வேற எங்கயாச்சும் இருந்தா எனக்கே தெரியாது, பாக்க முள் கிடையாது. பத்தொன்பது வருஷம் ஒரே நிமிஷத்துல போயிடும்.

கொடி விழுந்துச்சு. மைக்கை அமுக்கினேன். "காட்டுப்பூனை பேசறேன். பத்தொன்பது வருஷமா பேசறேன், இன்னும் பேசுவேன். எவன் வந்தாலும் பேசுவேன்!" பக்கத்துல ஹாய்ட் தன் முள்ளைப் பாத்துக்கிட்டே அதே பேரைச் சொல்லிக் கத்தினான். எனக்கு என் தொண்டையைத் தவிர வேற எதுவும் தெரியல.

மைக்கை விட்டோம். கரகரன்னு லீலண்ட் குரல் வந்துச்சு. "ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு ஒரு குரல்தான் கேட்டுச்சு. பொம்பளக் குரல்."

ராய்ஸ் தொப்பியைத் தூக்கிப் போட்டாரு. ஹாய்ட் மைக்ல கத்திட்டுக் கதவைத் திறந்துக்கிட்டுக் குதிச்சான். "மீட்டர் இல்லாம ஜெயிச்சது செல்லாது!"

"செல்லும்"னாரு லீலண்ட் ரேடியோவுல. "தோத்தவன் ஜெயிச்சவங்களை சேனல்ல பேரு சொல்லிக் கூப்பிடணும். வழக்கத்தை மறந்துட்டியா? கூப்பிடு."

ஹாய்ட் திரும்ப ஏறி மைக்கை எடுத்தான். முனகலா வந்துச்சு: "காட்டுப்பூனை, கேக்குதா?"

நான் மைக்கை மடியில வெச்சுக்கிட்டு, தெர்மாஸைத் திறந்து காப்பியை ஊத்தி, நிதானமா ரெண்டு வாய் குடிச்சேன். அப்புறம் பட்டனை அமுக்கினேன்.

"யாரு பேசறது? பேரைச் சொல்லு. உனக்குத்தான் பேரே இல்லையே."