கறை படியாத டம்ளர்

சத்யபாமா சோதனைக்கு வருகிறாள் என்றால் கோட்டயம் பக்கத்து முதியோர் இல்லங்களில் துடைப்பத்துக்குக்கூட ஓய்வு கிடையாது. லோனப்பன் நடத்தும் இல்லம் மட்டும் விதிவிலக்கா என்ன? தரை பளபளத்தது. முப்பது பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சலவை முண்டு கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பதிவேடும் படுசுத்தம். ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர், ஒரு நாள் தவறாமல்.

அவள் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷத்துக்கு உரிமம். அதுவரை ஒரு பயலும் எட்டிப் பார்க்கமாட்டான். லோனப்பன் நல்ல மனுஷன் என்று அவளுடைய மேலதிகாரி காலையிலேயே போனில் ஆரம்பித்திருந்தார். பதினெட்டு வருஷத்தில் அவள் பார்க்காத நல்ல மனுஷர்களா!

கட்டிலுக்குக் கட்டில் ஒரு கூஜா, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டம்ளர். கூஜாவில் பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீர். அவள் ஒரு டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இதே தண்ணீர் குடிக்கும் அவள் வீட்டு டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்தாலும் அடியில் செம்பழுப்புக் கறை போகாது. இதில் கறையே இல்லை.

டம்ளர் புதுசா என்று கேட்டாள். வாங்கி இரண்டு வருஷமாகிறது, எங்கள் ஆட்கள் அப்படிக் கழுவுவார்கள் என்று லோனப்பன் பெருமையடித்துக்கொண்டான். புதுசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். வாய் சும்மா இருந்தால்தானே.

அவள் அவறாச்சன் என்ற கிழவரின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. டம்ளரை நிரப்பி நீட்டினாள். கிழவரின் கண் தண்ணீரிலேயே இருந்தது, கை மட்டும் நீளவில்லை.

"குடிங்க அப்பச்சா. தாகமில்லையா?"

"தாகமில்லாமயா மகளே? குடிச்சா படுக்கை நனையும். ஆளுக்கு ஒரு விரிப்புதான் தருவாங்க. நனைச்சா மறுநாள் வரைக்கும் அதுலயேதான் கெடக்கணும்."

அப்பச்சனுக்கு ஞாபகப் பிசகு என்று லோனப்பன் குறுக்கே வந்தான். அவள் விரிப்பு அலமாரியைத் திறக்கச் சொன்னாள். முப்பது பேருக்கு உள்ளே நாலே நாலு மாற்று விரிப்பு. அவள் குரலை உயர்த்தவில்லை. உரிமம் நிறுத்திவைப்பு என்று அங்கேயே எழுதி, லோனப்பனிடம் கையெழுத்து வாங்கினாள். மேலதிகாரியைக் கூப்பிடட்டுமா என்று அவன் முனகினான். தாராளமாகக் கூப்பிடுங்கள், அவருக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கிறேன் என்றாள்.

பிறகு கிழவர் பக்கம் திரும்பினாள்.

"சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நாளைக்கும் வருவேன், சொல்லாம வருவேன். நனைஞ்சா மாத்துவாங்க. அவங்க மாத்தலைன்னா நான் மாத்துறேன். குடிங்க."

அவறாச்சன் குடித்தார். இரண்டாவது டம்ளரை அவரே ஊற்றிக்கொண்டார். மூன்றாவதில் பாதி முண்டில் சிந்தியது, அவர் கவலைப்படவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் லோனப்பனை ஒருமுறை பார்த்தார். பிறகு கூஜாவுக்குக் கை நீட்டினார். அதற்கடுத்த கட்டிலிலும் டம்ளர் நிரம்பியது. கொஞ்ச நேரத்தில் கூஜாக்கள் காலி. இன்னும் தண்ணீர் கொதிக்கவை என்று சத்யபாமா லோனப்பனைச் சமையற்கட்டுக்கு அனுப்பினாள்.